பேக்கெட்டுக்கு ஒரு சிஸ்டம் காலா? கெர்னலுக்குப் போய்வரும் செலவைக் குறைக்க முழு வழிகாட்டி

யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் தனித்தனிச் செய்திகளாக அனுப்பும் நெறிமுறை) பேக்கெட்டுகளை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் அனுப்பும் சின்ன ரிலே நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் எழுதுகிற மாதிரிதான் எழுதியிருக்கிறது. எந்த சாக்கெட்டில் (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் வாயில்) தரவு வந்திருக்கிறது என்று காத்திருந்து சொல்லும் ஈபோல் வெயிட்டைக் கூப்பிடு. சாக்கெட் தயார் என்றால் ரெக்வ்ஃப்ரம் வைத்து வாங்கு. வந்ததை சென்ட்டூவில் தள்ளு. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி ஒரு ரெக்வ்ஃப்ரம். இப்போது ஒன்றுமில்லை என்று ஈஅகெய்ன் வந்ததும் திரும்பவும் ஈபோல் வெயிட். பேக்கெட்டுகள் ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வந்தால், ஒரு பேக்கெட்டுக்கு நான்கு சிஸ்டம் கால், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் வேலை கேட்கும் நான்கு அழைப்புகள். நொடிக்கு 2 லட்சம் பேக்கெட் என்றால் 8 லட்சம் முறை கெர்னலுக்குள் போய்வர வேண்டும்.

ஒன்றுமே செய்யாத சிஸ்டம் கால்கூட, சிபியுவையும் அதில் இயங்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் பொறுத்து, சில பத்து நானோநொடியிலிருந்து சில நூறு நானோநொடி வரை தின்னும். 200 என்று வைத்துக்கொண்டால் 8 லட்சத்துக்கு 16 கோடி நானோநொடி. அதாவது ஒரு கோரின் 16 சதவீதம் உருப்படியான வேலை எதுவும் நடக்காமல் வாசற்படியைத் தாண்டுவதிலேயே போகிறது. போதாக்குறைக்கு, உள்ளே போய்வருவதால் கேஷும் கிளைக் கணிப்பும் கலைந்துவிட, திரும்பி வந்த பிறகு உங்கள் நிரலும் சிறிது நேரம் மந்தமாகவே ஓடும்.

இந்த வழிகாட்டி லினக்ஸுக்கானது. உதாரணங்கள் பெரும்பாலும் யூடிபி. டிசிபிக்குப் பொருந்துவதை அங்கங்கே சொல்கிறேன்.

எதைக் குறைக்கிறோம் என்பதில் தெளிவு

சென்ட்டூ ஒன்றைக் கூப்பிடும்போது மூன்று விதமான செலவு நடக்கிறது. முதலாவது வாசல் செலவு: யூசர் பக்கத்திலிருந்து கெர்னல் பக்கம் மாறி, திரும்பி வருவது. இரண்டாவது வழிச் செலவு: பேக்கெட்டுக்கான நினைவகத்தை ஒதுக்குவது, ரூட்டைத் தேடுவது, ஃபயர்வால் விதிகளைப் பார்ப்பது, அனுப்பும் க்யூவில் சேர்ப்பது. மூன்றாவது, தரவை நகலெடுக்கும் செலவு.

சிஸ்டம் கால் அதிகம் என்று புலம்புகிறவர்கள் பலரும் முதல் செலவை மட்டுமே மனதில் வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அனுப்பும் பக்கம் முழுவதையும், பல செய்திகளை ஒரே காலில் அனுப்பும் சென்ட்எம்எம்எஸ்ஜிக்கு மாற்றி எழுதி, சிஸ்டம் கால் எண்ணிக்கை சரிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, சிபியு வரைபடத்தைத் திறந்தால் கோடு அசையவே இல்லை என்று சொல்லிவிடலாம். காரணம் எளிது. 32 பேக்கெட்டுகள் ஒரே வாசல் வழியாக உள்ளே போனாலும், அதற்கு அப்புறம் 32 பேரும் தனித்தனியாக அதே நீண்ட பாதையில்தான் நடந்தார்கள். கீழே வரும் ஒவ்வொரு உத்தியும் இந்த மூன்றில் எதைக் குறைக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

படி 1: கை வைக்கும் முன் அளந்துவிடுங்கள்

நிரல் செய்யும் சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவியான எஸ்ட்ரேஸை மைனஸ் சி, மைனஸ் எஃப் என்ற இரு விருப்பங்களோடு பத்து நொடி ஓட்டினால் எந்தக் கால் எத்தனை முறை என்று அட்டவணை வந்துவிடும். அதில் எண்ணிக்கையையும் பிழைப் பத்தியையும் மட்டும் நம்புங்கள். நேரக் கணக்கு வேண்டாம். எஸ்ட்ரேஸ் ஒவ்வொரு காலிலும் நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் நிரலின் வேகமே மாறிவிடும். நேரலை சர்வரில் ஓட்டுவதானால் பெர்ஃப் ட்ரேஸின் தொகுப்பு முறையோ, பிபிஎஃப்ட்ரேஸில் சிஸ்டம் கால் நுழைவிடத்தில் வைக்கும் ஓர் எண்ணியோ போதும். அவை எஸ்ட்ரேஸ் அளவுக்குத் தொந்தரவு தருவதில்லை.

அப்புறம், சிபியு நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று காட்டும் பெர்ஃப் டாப். மேலே வரும் பெயர்களே மூன்று செலவில் எது பெரியது என்று காட்டிக்கொடுத்துவிடும். சிஸ்டம் கால் நுழைவு, வெளியேற்றம் சார்ந்த பெயர்கள் முன்னால் நின்றால் வாசல் செலவு. ஐபி அடுக்கு, நெட்ஃபில்டர் (ஃபயர்வால் பகுதி), நெட்வொர்க் கார்டுக்கு அனுப்பும் க்யூ சார்ந்த பெயர்கள் என்றால் வழிச் செலவு. யூசர் நினைவகத்துக்கு நகலெடுக்கும் ஃபங்ஷன்கள் என்றால் நகல் செலவு.

வாசல் செலவே எதிர்பாராத அளவுக்குப் பெரிதாகத் தெரிகிறதா? 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, கெர்னலின் பக்க அட்டவணையைத் தனியாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு லினக்ஸுக்கு வந்தது. பாதிக்கப்பட்ட சிபியுக்களில் ஒவ்வொரு முறை உள்ளே போய்வரும்போதும் அட்டவணையை மாற்ற வேண்டும். புதிய சிபியுக்களுக்கு இது தேவையில்லை. உங்கள் இயந்திரம் எந்த வகை என்பது சிஸ் கோப்பகத்தில் சிபியுவுக்குக் கீழே உள்ள வல்னரபிலிட்டீஸ் அடைவில் எழுதியிருக்கும். வேகம் வேண்டும் என்று அந்தப் பாதுகாப்பை அணைக்கிற யோசனை வந்தால், தயவுசெய்து முதலில் கீழே உள்ள படிகளை முடித்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அணைக்கத் தேவையே இருக்காது. கால்களைப் பதிவு செய்யும் ஆடிட் விதிகளும், எந்தக் காலுக்கு அனுமதி என்று பார்க்கும் செக்காம்ப் வடிகட்டிகளும்கூட ஒவ்வொரு காலுக்கும் சுமை ஏற்றும். கன்டெய்னருக்குள் ஓடும் நிரலை வெளியே ஓட்டி அளந்து ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் தெரியும்.

படி 2: தேவையில்லாத கால்களைத் தூக்குங்கள்

பைசா செலவில்லாத படி இது. எஸ்ட்ரேஸ் அட்டவணையின் பிழைப் பத்தியைப் பாருங்கள். ரெக்வ்ஃப்ரமில் பாதிக்குப் பாதி ஈஅகெய்ன் என்றால், காலி பாத்திரத்தைத் திறந்து பார்ப்பதற்கென்றே பாதி நடை போகிறது. ஈபோல் லெவல் ட்ரிகர் முறையில் இருந்தால் அந்தக் கடைசி முயற்சியே வேண்டாம். மிச்சம் இருந்தால் அடுத்த ஈபோல் வெயிட் தானாகச் சொல்லும்.

ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் ஈபோல் கண்ட்ரோல் கால் வருகிறதா? ஒரு நிகழ்வைச் சொன்னதும் பதிவை முடக்கிவிடும் ஒன்ஷாட் கொடியை யாரோ வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மறுபடி பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு சாக்கெட்டை ஒரே த்ரெட்தான் கையாளுகிறது என்றால் அது வெட்டி வேலை. டிசிபி சர்வரில் அக்செப்ட்டுக்குப் பின்னால் இரண்டு எஃப்கண்ட்ரோல் வரிசையாக வந்தால் அக்செப்ட்4 என்ற காலுக்கு மாறுங்கள். நான்பிளாக்கிங், க்ளோஸ்ஆன்எக்ஸெக் இரண்டையும் அதிலேயே கொடுத்துவிடலாம். தலைப்பை ஒரு ரைட்டிலும் உடலை இன்னொரு ரைட்டிலும் எழுதும் பழக்கம் இருந்தால் ரைட்வி ஒன்றில் முடியும்.

கொஞ்சம் விசித்திரமான ஒன்றும் உண்டு. நேரம் கேட்கும் க்ளாக் கெட்டைம், சாதாரணமாக எஸ்ட்ரேஸில் தெரியவே கூடாது. விடிஎஸ்ஓ என்ற ஏற்பாட்டின் வழியாக அது கெர்னலுக்குள் போகாமலேயே பதில் வாங்கிவிடும். அது ஆயிரக்கணக்கில் தெரிந்தால், இயந்திரத்தின் கடிகார மூலம் சிபியுவுக்குள்ளேயே உள்ள எண்ணியான டிஎஸ்சியாக இல்லாமல் எச்பிஇடி போன்ற வேறொன்றுக்கு விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். பேக்கெட்டுக்கு ஒரு தடவை நேரம் கேட்கும் நிரலில் இது பேக்கெட்டுக்கு ஒரு சிஸ்டம் காலைக் கூட்டிவிடும். வந்து சேர்ந்த நேரம் மட்டும் தேவை என்றால், சாக்கெட்டின் டைம்ஸ்டாம்ப் விருப்பத்தை இயக்கி, பேக்கெட்டோடு சேர்த்தே வாங்கிக்கொள்வது நல்லது.

படி 3: கட்டுக்கட்டாக வாங்குங்கள், அனுப்புங்கள்

ரெக்வ்எம்எம்எஸ்ஜி 2010இல் லினக்ஸ் 2.6.33இலும், சென்ட்எம்எம்எஸ்ஜி 2011இல் 3.0இலும் வந்தன. ஒரே காலில் பல யூடிபி செய்திகளை வாங்கவும் அனுப்பவும் இவை உதவும். வேலை இப்படி:

1. எம்எம்எஸ்ஜிஹெடர் என்ற கட்டமைப்பில் 32 அல்லது 64 கொண்ட ஒரு வரிசையை நிரல் தொடங்கும்போதே ஒதுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் அதற்கான பஃபரையும் முகவரி இடத்தையும் அப்போதே இணைத்துவிடுங்கள். சுழலுக்குள் நினைவகம் ஒதுக்கக் கூடாது.

2. ஈபோல் எழுப்பியதும் ரெக்வ்எம்எம்எஸ்ஜியை டோன்ட்வெயிட் கொடியோடு ஒருமுறை கூப்பிடுங்கள். எத்தனை வந்தது என்ற எண் திரும்பும்.

3. 32 கேட்டு 32ம் கிடைத்தால் உள்ளே இன்னும் இருக்கலாம், மறுபடி கூப்பிடுங்கள். 32 கேட்டு 9 கிடைத்தால் க்யூ காலி என்று அர்த்தம். ஈஅகெய்னுக்காக இன்னொரு நடை வேண்டாம்.

4. வந்ததையெல்லாம் கையாண்டு, பதில்களை அனுப்பும் வரிசையில் சேர்த்து, கடைசியில் ஒரே சென்ட்எம்எம்எஸ்ஜி.

மேலே சொன்ன ரிலே நிரலில் கட்டுக்கு 32 நிறைந்தால் ஒரு கட்டுக்கு மூன்று, நான்கு கால்தான். மூன்று என்றே வைத்தால் நொடிக்கு 8 லட்சம் என்பது 18,750 ஆகிவிடும். வாசல் செலவு 16 சதவீதத்திலிருந்து அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

கட்டு நிறையும்வரை காத்திருக்கத் தோன்றும். காத்திருக்காதீர்கள். இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். போக்குவரத்து குறைவாக இருக்கும்போது கட்டில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அப்போது சிபியுவும் சும்மாதான் இருக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. சுமை ஏறும்போது, நீங்கள் ஒரு கட்டைக் கையாளும் நேரத்துக்குள் அடுத்த கட்டு பின்னால் சேர்ந்துவிடும். கட்டு தானாகப் பெருகும், பேக்கெட்டுக்கான செலவு தானாகக் குறையும். டைமர் வைத்து நிரப்பப் பார்த்தால் தாமதத்தைக் கையிலிருந்து கொடுத்து அதே பலனைத்தான் வாங்குவீர்கள். ரெக்வ்எம்எம்எஸ்ஜியில் டைம்அவுட் என்று ஓர் இடம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதைத் தொடவே தொடாதீர்கள். ஒவ்வொரு பேக்கெட் வந்த பிறகுதான் கெர்னல் அந்த நேரத்தைச் சரிபார்க்கிறது. கட்டு நிறைய ஒன்றே ஒன்று பாக்கி இருக்கும்போது வரத்து நின்றுபோனால், கால் திரும்பவே திரும்பாது. இது அதன் கையேட்டுப் பக்கத்திலேயே குறையாக எழுதப்பட்ட விஷயம்.

இன்னும் இரண்டு குழிகள். முகவரி நீளம், கண்ட்ரோல் பகுதி நீளம் என்ற இரு புலங்களையும் கெர்னல் திரும்பி வரும்போது மாற்றி எழுதிவிடும். 28 பைட் இடம் என்று கொடுத்திருப்பீர்கள். ஐபிவி4 சாக்கெட் ஒன்றில் பேக்கெட் வந்ததும் அது 16 ஆகிவிடும். அதே வரிசையை ஐபிவி6 சாக்கெட்டுக்கும் பயன்படுத்தும்போது, அடுத்த சுற்றில் திரும்ப 28 ஆக்காவிட்டால், அதே இடத்தில் விழும் ஐபிவி6 முகவரி வால் வெட்டுப்பட்டு வரும். சோதனையில் ஐபிவி4 மட்டுமே ஓடியிருந்தால் இது மாதக்கணக்கில் கண்ணில் படாது. எனவே ஒவ்வொரு காலுக்கும் முன்னால், முந்தைய சுற்றில் பயன்பட்ட இடங்களில் இந்த இரண்டையும் மீட்டமையுங்கள்.

சென்ட்எம்எம்எஸ்ஜி பக்கம்: 32 கொடுத்து 20 என்று திரும்பினால் அது பிழையில்லை, 20 போயிருக்கிறது. மிச்சத்தை 21வது இடத்திலிருந்து மறுபடி கொடுக்க வேண்டும். 21வது ஏன் நின்றது என்ற காரணம் மறுபடி கூப்பிட்டால்தான் தெரியும். போகவே முடியாத முகவரி அது என்றால் அதை மட்டும் விட்டுவிட்டுத் தாண்டிப் போகிற கிளை உங்கள் சுழலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு கெட்ட முகவரி மொத்த வரிசையையும் மறித்துக்கொண்டு நிற்கும்.

ஒரு கட்டைக் கையாளும் நேரத்தில் வருவதைத் தாங்க சாக்கெட் பஃபர் போதுமா என்றும் பாருங்கள். ப்ராக் கோப்பகத்தில் நெட் என்பதன் கீழ் எஸ்என்எம்பி கோப்பில், யூடிபி வரியில் ரெக்வ்பஃப் எரர்ஸ் என்ற எண்ணி ஏறிக்கொண்டிருந்தால் பேக்கெட்டுகள் கொட்டிப்போகின்றன. சின்ன பேக்கெட்டுகள் அவற்றின் அளவைவிட நிறைய இடத்தை பஃபர் கணக்கில் பிடிக்கும். தரவின் அளவை மட்டும் பெருக்கிப் பார்த்துப் போதும் என்று முடிவு செய்யாதீர்கள்.

படி 4: ஒரே பெரிய பேக்கெட்டாக நடத்துங்கள்

வழிச் செலவில் கை வைப்பது இங்கேதான். என் கணக்கில் இந்த வழிகாட்டியிலேயே அதிகம் பலன் தரும் படி இதுதான். வெளியே அதிகம் பேசப்படாததும் இதுதான்.

லினக்ஸ் 4.18இல், 2018ஆம் ஆண்டு, யூடிபி செக்மென்ட் என்ற சாக்கெட் விருப்பம் வந்தது. ஒரே இடத்துக்குப் போக வேண்டிய பல பேக்கெட்டுகளை ஒட்டி, ஒரே பெரிய பஃபராகக் கொடுத்து, இதை 1200 பைட் துண்டுகளாக வெட்டிக்கொள் என்று சொல்லிவிடலாம். கெர்னல் அந்தப் பெரிய ஒன்றை அப்படியே பாதை முழுக்க நடத்திச் சென்று, கடைசி இடத்தில் வெட்டும். கார்டுக்கு அந்தத் திறமை இருந்தால் வெட்டும் வேலையைக் கார்டே செய்யும். ரூட் தேடல் ஒன்று, ஃபயர்வால் சோதனை ஒன்று, வாசல் செலவும் ஒன்று. யூடிபியில் ஒரு தடவைக்கு 65,507 பைட் தரவுதான் கொள்ளும் என்பதால் 1200 பைட் துண்டாக 54 பேக்கெட் வரை போகலாம். யூடிபியின் மேல் ஓடும் க்விக் நெறிமுறையில் கோப்பு அனுப்பும் சர்வர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

நிபந்தனைகள் உண்டு. எல்லாம் ஒரே இலக்குக்குப் போக வேண்டும். கடைசித் துண்டு மட்டும் சிறியதாக இருக்கலாம், மற்றவை எல்லாம் ஒரே அளவு. துண்டுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு; இந்த வசதி வந்தபோது அது 64. துண்டின் அளவு எம்டியூவை (இணைப்பில் ஒரே பேக்கெட்டாகப் போகக்கூடிய அதிகபட்ச அளவு) தாண்டினால் பிழை வரும். பிழை கண்டறியும் எண்ணான செக்சம் கணக்கைத் தானே போடத் தெரியாத கார்டுகளில் சில கெர்னல்கள் ஈஐஓ என்று மறுத்துவிடும். அதைப் பிடித்து, அந்த சாக்கெட்டுக்குப் படி 3இன் முறைக்கே திரும்பும் மாற்று வழியை நிரலில் கட்டாயம் வைத்திருங்கள்.

வாங்கும் பக்கத்துக்கு யூடிபி ஜிஆர்ஓ, லினக்ஸ் 5.0இலிருந்து. அதை இயக்கினால் ஒரே ஓட்டத்தில் அடுத்தடுத்து வந்த பேக்கெட்டுகளைக் கெர்னல் ஒட்டி ஒன்றாகக் கொடுக்கும். எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பது கண்ட்ரோல் செய்தியில் இருக்கும். இதில் ஒரு நுணுக்கம்: அனுப்பும்போது அந்த அளவை 16 பிட் எண்ணாகக் கொடுக்க வேண்டும், வாங்கும்போது 32 பிட் எண்ணாக வரும். ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒவ்வொரு பஃபரும் 64 கிலோபைட் இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 1500இல் வைத்திருந்தால் ஒட்டி வந்ததில் முதல் பேக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் காணாமல் போகும்.

ஆயிரம் பேருக்கு ஆளுக்கொரு பேக்கெட் அனுப்பும் நிரலுக்கு இந்தப் படியால் பயனில்லை. ஒரே ஆளுக்குப் பல பேக்கெட் போகும் இடத்தில்தான் இது ஜெயிக்கும். டிசிபியில் இதே வேலையைக் கெர்னல் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே நீங்கள் செய்ய வேண்டியது பெரிய பெரிய பஃபராக எழுதுவது மட்டுமே.

நகல் செலவைப் பற்றி இரண்டே வரி. எம்எஸ்ஜி ஸீரோகாப்பி என்ற கொடி டிசிபிக்கு 4.14இலும் யூடிபிக்கு 5.0இலும் வந்தது. பக்கங்களைப் பூட்டுவதற்கும் முடிந்தது என்ற அறிவிப்பை வாங்குவதற்கும் தனிச் செலவு இருப்பதால், ஒரு தடவைக்குச் சுமார் 10 கிலோபைட்டுக்கு மேல் அனுப்பினால்தான் கட்டுப்படியாகும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது.

படி 5: ஐஓ யூரிங்

ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதி, 2019இல் லினக்ஸ் 5.1இல் சேர்ந்தது. உங்கள் நிரலும் கெர்னலும் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வளையங்கள்: ஒன்றில் வேலைகளை எழுதிவைக்கிறீர்கள், மற்றதிலிருந்து முடிவுகளை எடுக்கிறீர்கள். எத்தனை சாக்கெட்டாக இருந்தாலும், எத்தனை வகை வேலையாக இருந்தாலும், ஒரே ஐஓ யூரிங் என்டர் காலில் சமர்ப்பித்துக் காத்திருக்கலாம். படி 3 ஒரு சாக்கெட்டுக்குள் கட்டுகிறது. இது சாக்கெட்டுகளுக்குக் குறுக்கே கட்டுகிறது. ஆயிரக்கணக்கான டிசிபி இணைப்புகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தரவு என்ற சூழலில் இதன் அருமை தெரியும்.

பேக்கெட் வேலைக்கு முக்கியமானது மல்டிஷாட் ரிசீவ், லினக்ஸ் 6.0இலிருந்து. இந்த சாக்கெட்டில் வருவதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இரு என்று ஒருமுறை சொன்னால் போதும். பஃபர்களைத் தனி வளையமாக முன்கூட்டியே கொடுத்துவைக்க வேண்டும். அவை தீர்ந்தால் ஈநோபஃப்ஸ் பிழை வந்து மல்டிஷாட் நின்றுவிடும், தானாக மறுபடி தொடங்காது. ஒவ்வொரு முடிவிலும் ‘மோர்’ என்ற கொடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் மறுபடி சமர்ப்பியுங்கள். இதை விட்டுவிட்டால் சாக்கெட் திடீரென்று ஊமையாகிவிடும், பதிவில் ஒரு வரிகூட இருக்காது.

எஸ்க்யூபோல் என்ற முறையில் கெர்னலே ஒரு த்ரெட்டை வைத்து வளையத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், சமர்ப்பிக்க சிஸ்டம் காலே வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த த்ரெட் ஒரு கோரை விழுங்கும். இருக்கும் கோர்களே போதாமல் திணறும் இயந்திரத்தில் இதைப் போடாதீர்கள்.

இன்னொன்று, எழுதத் தொடங்கும் முன்பே நீங்கள் ஓட்டப்போகும் இடத்தில் இது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் காரணங்களால் பல கன்டெய்னர் சூழல்களில் இதை அடைத்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் 6.6இலிருந்து இதை முழுவதும் முடக்கவே ஒரு சிஸ்கண்ட்ரோல் அமைப்பும் உண்டு.

படி 6: கெர்னலைச் சுற்றிக்கொண்டு போவது

10 ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய 64 பைட் ஃப்ரேம்களாகவே வந்தால், முன்னும் பின்னும் ஆகும் 20 பைட்டையும் சேர்த்து ஒவ்வொன்றும் 672 பிட். நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் பேக்கெட், ஒன்றுக்கு 67 நானோநொடி. இந்தக் கணக்கில் நிற்கிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. ரவுட்டர், சுமைப் பகிர்வி, தாக்குதல் தடுப்பு, பேக்கெட் பதிவு என்று எழுதுகிறவர்கள் இவர்கள். 1500 பைட் பேக்கெட்டுகளாக வந்தால் அதே இணைப்பில் நொடிக்கு சுமார் 8 லட்சத்து 12 ஆயிரம்தான்; அங்கே படி 4 வரை வந்தவருக்கு இந்தப் படி எலியைப் பிடிக்க மலையைக் கெல்லுவது.

இரண்டு வழிகள். முதலாவது ஏஎஃப் எக்ஸ்டிபி, லினக்ஸ் 4.18இலிருந்து. கார்டின் ட்ரைவர் மட்டத்திலேயே ஒரு சின்ன பிபிஎஃப் நிரல் (கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் குட்டி நிரல்) உட்கார்ந்து, உங்களுக்கு வேண்டிய பேக்கெட்டுகளை மட்டும் உங்கள் நினைவகத்துக்குத் திருப்பிவிடும். மற்றவை வழக்கம்போல் கெர்னல் வழியாகவே போகும். ட்ரைவர் ஸீரோகாப்பி முறையை ஆதரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆதரிக்காவிட்டால் நகல் முறையில் ஓடும், வேகம் பாதி மனநிறைவுதான் தரும். பிணைக்கும்போது நீட் வேக்அப் கொடியைப் போட்டால், ட்ரைவர் தூங்கும்போது மட்டும் சிஸ்டம் கால் செய்து எழுப்பினால் போதும். எனக்குக் கேட்டால், பெரும்பாலானோர் இந்தப் படிக்கு வந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது டிபிடிகே. கார்டைக் கெர்னலிடமிருந்தே பிடுங்கி உங்கள் நிரலிடம் கொடுத்துவிடும். இன்டரப்ட் இல்லை, சிஸ்டம் கால் இல்லை. ஒரு கோர் ஓயாமல் கார்டையே பார்த்துக்கொண்டிருக்கும். போக்குவரத்து பூஜ்யமாக இருந்தாலும் டாப்பில் 100 சதவீதம் என்றே காட்டும், பதறத் தேவையில்லை. ஆனால் ஐபி அடுக்கு, ஏஆர்பி, ஃபயர்வால், டிசிபி டம்ப் எதுவும் அந்தக் கார்டுக்கு இல்லை. பிங்குக்குப் பதில் வேண்டும் என்றால் அதையும் நீங்கள்தான் எழுத வேண்டும். கார்டை, சாதனத்தை நிரலிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ ட்ரைவருக்கு மாற்றும் கட்டளையை அடித்துவிட்டு என்டர் தட்டும் முன், நீங்கள் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்திருப்பது அதே கார்டில் இல்லைதானே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.